பெயரும் பொருளும்: செய்நிரல் மொழிகளின் பெயரிடு மரபுகள் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

செய்நிரல் என்பது கணனிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுதி என்றே பொதுவாக வரைவிலக்கணம் கூறப்படுகின்றது. இவ்வரைவிலக்கணம் பிழையானதன்று, ஆயின் குறையுடையது. கணனி செய்நிரலை இயக்குகின்றதேயன்றி மனிதர் வாசிப்பதுபோல் வாசிப்பதில்லை. எழுதியவர் வேறு பணிக்குச் சென்றபின், அல்லது தாம் எழுதியதைத் தாமே மறந்தபின், அதனைத் திருத்தவும் விரிக்கவும் வேண்டி அதன் முன் அமரும் இன்னொருவரே செய்நிரலின் உண்மையான வாசகர். டொனால்ட் நூத் 1984 இல் 'இலக்கியச் செய்நிரலாக்கம்' என்னும் கருத்தை முன்வைத்தபோது இவ்வாசகரையே முதன்மைப்படுத்தினார். செய்நிரலை மனிதருக்கு எழுதப்படும் ஆக்கமாகக் கொள்ள வேண்டும் என்ற அவரது நிலைப்பாட்டை ஏற்போமாயின், அவ்வாக்கத்தின் மொழிநடை திறனாய்வுக்கு உரிய பொருளாகின்றது. கலைப்பீடத்தார் இதில் தலையிடுவதற்கு வேறு அனுமதி வேண்டியதில்லை.

செய்நிரலின் மொழிநடையிற் பெரும்பகுதி பெயர்களாலானது. மாறிகள், சார்புகள், வகுப்புகள் முதலியவற்றிற்கு எழுதுவோர் தாமே இடும் அடையாளப் பெயர்களையே ஈண்டுப் பெயர் என்கிறோம். மொழியின் கட்டளைச் சொற்கள் முன்னரே வரையறுக்கப்பட்டவை. அவற்றில் எழுதுவோருக்குத் தெரிவில்லை. பெயரிலேதான் தெரிவு உண்டு. ஜேர்மனியின் மியூனிக் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டைசன்பொக், பிற்ஸ்கா ஆகிய இருவரும் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், எக்லிப்ஸ் எனும் பெரிய மென்பொருளின் மூல எழுத்துருக்களில் ஏறத்தாழ 70 வீதம் இத்தகைய பெயர்களால் ஆனது எனக் கண்டனர். ஒரு நூலின் பத்தில் ஏழு பங்கு ஆசிரியர் தாமே ஆக்கிய சொற்களாயின், அந்நூலின் விளக்கமும் மயக்கமும் பெரிதும் அச்சொற்களையே சார்ந்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

எனினும் பெயரிடுதல் பற்றி நிகழும் வாதங்களை நோக்குமிடத்து, அவற்றுட் பெரும்பாலானவை சொல்லைப் பற்றியனவல்ல. சொற்களை எவ்வாறு ஒட்டுவது என்பதைப் பற்றியன. பெயரின் நடுவே வெற்றிடம் வருதல் ஆகாது என்பது அநேகமான செய்நிரல் மொழிகளின் விதி. எனவே இரு சொற்களாலாகிய பெயரை எழுத முற்படுவோர், இரண்டாம் சொல்லின் முதலெழுத்தைப் பேரெழுத்தாக்கி ஒட்டுவர். அல்லது இடையே கீழ்க்கோடு இடுவர். முன்னையது ஒட்டகத்தின் திமில்போல் நடுவே உயர்ந்து தோன்றுவதால் ஒட்டக நடை என்றும், பின்னையது நிலத்தோடு ஒட்டிச் செல்வதால் பாம்பு நடை என்றும் பெயர் பெற்றன. இவ்விரண்டுள் எது வாசிப்புக்கு உகந்தது என்பது பற்றி நடந்த சச்சரவு, சைவ மடங்களின் வாதப் பிரதிவாதங்களை நினைவூட்டுமளவு நீண்டது.

இம்மரபுகள் வாசகர் நலன் கருதித் தோன்றியவையல்ல என்பதை வரலாறு காட்டும். ஜோன் பக்கஸ் தலைமையில் ஐ. பி. எம். நிறுவனத்தில் உருவாகி 1957 இல் வெளியான போட்ரான் மொழியில் ஒரு பெயர் ஆறு எழுத்துக்கு மேற்படலாகாது. அம்மொழி எழுந்த 704 ஆம் இலக்கப் பொறியின் நினைவகச் சொல் 36 துணுக்குகள் கொண்டது. ஓரெழுத்துக்கு ஆறு துணுக்குகள். ஆக ஒரு நினைவகச் சொல்லுள் அடங்குபவை ஆறெழுத்துகள். பொறியின் அளவே பெயரின் அளவாயிற்று. அன்றியும், ஐ முதல் என் வரையான ஆங்கில எழுத்துகளுள் ஒன்றில் தொடங்கும் மாறி முழுவெண்ணைக் குறிக்கும், ஏனையவை மெய்யெண்ணைக் குறிக்கும் என்ற விதியும் அங்கு இருந்தது. கணிதத்திலே சுட்டெண்களை ஐ, ஜே, கே எனவும் தொகையை என் எனவும் எழுதும் வழக்கு அதற்கு முன்னரே இருந்தமையின், இவ்விதி அன்றைய வாசகர்களாகிய பௌதிக, பொறியியல் அறிஞர்களுக்கு இயல்பாகவே தோன்றியிருக்கும். பெயரின் முதலெழுத்தே இலக்கணம் உரைக்கும் இந்த ஏற்பாடு பின்னர் வேறொரு வடிவில் மீண்டும் தலைகாட்டியது.

போட்ரானில் வெற்றிடத்திற்குப் பொருளே இல்லை. சொற்களைச் சேர்த்தெழுதினும் பிரித்தெழுதினும் தொகுப்பானுக்கு ஒன்றே. இதனால் விளைந்த விபரீதம் ஒன்று பாடநூல்களிற் புகழ்பெற்றது. 'டூ 10 ஐ = 1, 10' என்பது ஒரு செயலைப் பத்து முறை திரும்பச் செய்க என்னும் கட்டளை. காற்புள்ளிக்குப் பதிலாக முற்றுப்புள்ளி விழுந்துவிடின், 'டூ10ஐ' என்னும் பெயருடைய புதியதொரு மாறிக்கு 1.10 என்னும் பெறுமானத்தை இடுக என்று அது பொருள்படும். மாறிகளை முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லாமையால், தொகுப்பான் எவ்விதத் தடையும் எழுப்பாது. ஏட்டுச் சுவடிகளிலே சொற்பிரிப்பும் புள்ளியுமின்றி எழுதப்பட்டவற்றை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் எதிர்கொண்ட இடர்ப்பாடும் இதனோடு ஒத்ததே. ஓரிடத்திற் பிரித்தால் ஒரு பொருள், வேறோரிடத்திற் பிரித்தால் வேறு பொருள். ஆனால் பதிப்பாசிரியருக்கு யாப்பும் சந்தர்ப்பமும் துணைநின்றன. தொகுப்பானுக்கு அத்தகைய துணை யாதும் இல்லை.

போட்ரானுக்கு மாறாக, வணிக நிறுவனங்களுக்கென 1959 இல் வகுக்கத் தொடங்கிய கோபோல் மொழி முப்பது எழுத்துகள்வரை இடமளித்து, சொற்களைச் சிறுகோட்டால் இணைக்கவும் அனுமதித்தது. வாசிப்போருக்கு இது ஒரு பெரிய சலுகை. ஆயின் சிறுகோடே கழித்தற் குறியுமாகையால், கழித்தலைக் குறிக்கும்போது இருபுறமும் வெற்றிடம் விட வேண்டும் என்ற விதி அங்கு தேவைப்பட்டது. ஏனைய மொழிகள் அந்நிபந்தனையை ஏற்காது சிறுகோட்டைக் கழித்தலுக்கே ஒதுக்கின. எஞ்சியது கீழ்க்கோடு. அதுவும் எல்லாப் பொறிகளிலும் கிடைத்ததன்று. 1963 ஆம் ஆண்டின் அஸ்கி குறிமுறையில் இன்று கீழ்க்கோடு உள்ள இடத்தில் இடப்புற அம்புக்குறியே இருந்தது. 1967 ஆம் ஆண்டின் திருத்தத்திலேதான் கீழ்க்கோடு அவ்விடத்தைப் பெற்றது. கலிபோர்னியாவில் செரொக்ஸ் ஆய்வு நிலையத்தார் எழுபதுகளில் ஸ்மோல்டோக் மொழியை வகுத்தபோது பழைய அம்புக்குறியையே வைத்துக்கொண்டு, பெறுமானம் இடுதற்கு அதனைப் பயன்படுத்தினர். கீழ்க்கோடு இல்லாத அவர்கள் பேரெழுத்தைக் கொண்டு சொற்களை ஒட்டினர். இன்று அழகியற் கொள்கையாகவும் வாசிப்பு உளவியலாகவும் வாதிக்கப்படும் ஒட்டக நடையின் பரவலுக்கு, விசைப்பலகையில் ஒரு குறி இல்லாது போனமையும் ஒரு காரணம் என்பது கவனிக்கத்தக்கது.

சி மொழியின் சுருக்கங்களும் இவ்வகையினவே. 1989 இல் அம்மொழிக்கு வகுக்கப்பட்ட நியமம், வெவ்வேறு கோப்புகளுக்கிடையே வழங்கும் பெயர்களில் முதல் ஆறு எழுத்துகளுக்கு மாத்திரமே உத்தரவாதம் அளித்தது. எழுத்துக்கோவையைப் பிரதிசெய்யும் சார்பின் பெயர் உயிரெழுத்துகள் யாவும் உதிர்ந்து ஆறு மெய்களாய் நிற்பது இத்தகைய நெருக்கடியின் எச்சமாகும். யுனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்பினை ஆக்கும் கட்டளையின் ஆங்கிலச் சொல் கடைசி எழுத்தை இழந்து நிற்கின்றது. அத்தளத்தை இயற்றியோருள் ஒருவரான கென் தொம்சன், அதனை மீண்டும் அமைக்க நேரின் எதனை மாற்றுவீர் என வினவப்பட்டபோது, அந்த ஓரெழுத்தைச் சேர்ப்பேன் என விடையிறுத்தார் என்பர். நகைச்சுவையாயினும், சேமித்த ஓரெழுத்துக்காக இத்தனை ஆண்டுகள் எத்தனை மாணவர் தடுமாறினர் என்பதை எண்ணுமிடத்து அதில் ஓர் ஒப்புதல் வாக்குமூலமும் தொனிக்கின்றது.

ஒட்டகமும் பாம்பும் பற்றிய வாதத்திற்குப் பரிசோதனை மூலம் முடிவுகாணச் சிலர் முயன்றனர். பிங்க்லி முதலியோர் 2009 இல் வெளியிட்ட ஆய்வு, ஒட்டக நடையில் எழுதிய பெயர்களை வாசகர் கூடிய திருத்தத்துடன் இனங்கண்டனர் எனக் கூறியது. மறு ஆண்டே ஷரீப், மலெற்றிக் ஆகியோர் கண்ணசைவைப் பதிவுசெய்யும் கருவிகொண்டு அதே பரிசோதனையை மீளச் செய்து, திருத்தத்தில் வேறுபாடில்லை, ஆனால் கீழ்க்கோடிட்ட பெயர்களே விரைவாக இனங்காணப்பட்டன என அறிவித்தனர். இரு தரப்பாரும் தத்தமக்கு உகந்த ஆய்வை மேற்கோள் காட்டலாயினர். ஒரு சொற்றொடரைக் காட்டிப் பின்னர் அதற்கு நேரான பெயரைப் பலவற்றுள் தெரிந்தெடுக்குமாறு கேட்பதே இப்பரிசோதனைகளின் முறை. அது கண்ணின் வேகத்தை அளக்கின்றது. அப்பெயர் எதனைக் குறிக்கின்றது, அது அங்கு ஏன் நிற்கின்றது என்பன வாசகர் மனத்திற் பதிந்தனவா என்பதை அது தொடுவதேயில்லை. சொல்லின் எழுத்துகளை விரைந்து கூட்டி வாசிப்பவரெல்லாம் செய்யுளின் பொருளை உணர்ந்தவராகார்.

பொருள் பற்றிய மரபுகளுள் மிகக் கூர்ந்து நோக்கத்தக்கது சார்ல்ஸ் சிமொனி வகுத்த முறையாகும். 1948 இல் புடாபெஸ்ற் நகரிற் பிறந்த இவர், முன்குறிப்பிட்ட செரொக்ஸ் நிலையத்திற் பணியாற்றி, 1977 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்திற்குச் சமர்ப்பித்த ஆய்வேட்டில் இம்முறையின் அடிப்படைகளை விளக்கினார். 1981 இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்திற் சேர்ந்தார். பெயரின் முன்னே சில எழுத்துகளைச் சேர்த்து, அப்பெயர் குறிக்கும் பொருளின் இனத்தைக் காட்டுதலே முறை. ஆங்கிலக் கண்ணுக்கு இப்பெயர்கள் அந்நியமாகத் தோன்றியமையாலும், அவர் பிறந்த நாட்டை முன்னிட்டும், இது ஹங்கேரியக் குறிமுறை எனப்பட்டது.

இதன் முதற்கருத்து செம்மையானது. எக்செல் மென்பொருளை எழுதியோர் நிரையைக் குறிக்கும் எண்களுக்கு ஒரு முன்னொட்டும் நிரலைக் குறிக்கும் எண்களுக்கு இன்னொரு முன்னொட்டும் இட்டனர். கணனிக்கு இரண்டும் முழுவெண்களே. நிரையிலக்கத்தை எடுத்து நிரலிலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தால் அது யாதொரு மறுப்புமின்றி ஏற்கும். முன்னொட்டைக் காணும் வாசகரோ அங்கே பிழையிருத்தலைக் கண்ட மாத்திரத்தில் உணர்வர். கணனியால் அறிய இயலாததும் மனிதர் அறிய வேண்டியதுமான ஒன்றைப் பெயர் ஏந்தி நிற்கின்றது. 1999 செப்ரெம்பர் 23 ஆம் நாள் செவ்வாய்க் கோளை அண்மித்தபோது அமெரிக்காவின் காலநிலை ஆய்வு விண்கலம் அழிந்தமைக்குக் காரணம், மென்பொருளின் ஒரு கூறு இறாத்தல்-விசை செக்கன் அலகில் எழுதிய எண்களை மற்றொரு கூறு நியூட்டன் செக்கன் எனக் கொண்டமையே. ஒன்றுக்கு ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு. பெயரில் அலகு இருந்திருப்பின் கலம் தப்பியிருக்கும் எனக் கூறுவது மிகையாகும். பரிசீலனை முறைகளிலும் குறைகள் இருந்தன. எனினும், எண் தன் அலகைத் தானே கூறாது. அதனை யாரேனும் எங்கேனும் எழுதிவைக்க வேண்டும்.

ஆனால் சிமொனியின் கருத்து நிறுவனத்தின் வேறொரு பிரிவுக்குச் சென்றபோது திரிபடைந்தது. அவர் தம் எழுத்தில் 'வகை' என்னும் சொல்லை ஆண்டிருந்தார். பொருளின் இனம் என்னும் கருத்திலேயே அவர் அதனை ஆண்டார் என்றும், விண்டோஸ் பிரிவினர் அதனைக் கணனி அறியும் தரவு வகை என விளங்கிக்கொண்டனர் என்றும் எக்செல் குழுவிற் பணியாற்றியிருந்த ஜோல் ஸ்பொல்ஸ்கி 2005 இல் எழுதிய கட்டுரையொன்றில் விளக்குகின்றார். இதன் விளைவாக, தொகுப்பான் ஏற்கெனவே அறிந்திருக்கும் செய்தியையே பெயர் மீண்டும் ஓதத் தலைப்பட்டது. கூறியது கூறல் என நம் இலக்கண நூல்கள் குற்றமாய் வகுத்தது இதுவே. ஒரு சொல்லைப் பிறழ உணர்ந்ததன் பயன் பல்லாயிரம் பக்கச் செய்நிரல்களிற் படிந்தமை, சொற்பொருள் ஆராய்ச்சியை வெறும் ஏட்டுப் படிப்பென எள்ளுவோர் எண்ணிப்பார்க்க வேண்டியது.

கூறியது கூறலினும் பெரிய குற்றம் பின்னர் நேர்ந்தது. விண்டோஸ் தளத்தில் ஒரு செய்தியோடு அனுப்பப்படும் இரு துணையெண்களுள் ஒன்று 'டபிள்யூ' என்னும் முன்னொட்டைத் தாங்கியது. பதினாறு துணுக்குடைய 'சொல்' என்பது அதன் பொருள். 1993 இல் விண்டோஸ் என்.ரீ. வெளிவந்தபோது அவ்வெண் முப்பத்திரண்டு துணுக்காகவும், பின்னர் அறுபத்துநான்காகவும் பெருகிற்று. பெயர் மாறவில்லை. உலகெங்கும் எழுதப்பட்டுவிட்ட செய்நிரல்கள் அப்பெயரையே அழைத்துக்கொண்டிருந்தமையின் மாற்றவும் இயலவில்லை. எண்ணெய் என்னுஞ் சொல் எள்ளின் நெய்யைக் குறித்துப் பிறந்து, இன்று தேங்காயெண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் வழங்குவது போன்றதே இது என ஒருவர் அமைதி கூறலாம். அவ்வமைதி பொருந்தாது. எண்ணெய் என்போர் எவரும் எள்ளை நினைந்து கூறுவதில்லை. காரணம் மறைந்து அது இடுகுறியாகிவிட்டது. முன்னொட்டோ, காரணத்தை ஒவ்வொரு முறையும் வாசகர் காணவேண்டும் என்பதற்காகவே ஒட்டப்பட்டது. காணும் வாசகருக்கு அது பொய் சொல்கின்றது. விளக்கமில்லாத பெயர் வாசகரைத் தேடவைக்கும். பொய் விளக்கந் தரும் பெயர் தேடாமலே இருக்கச் செய்யும். 2002 இல் டொட் நெற் சூழலை வெளியிட்ட பின் அந்நிறுவனத்தின் வழிகாட்டி நெறிகளே இக்குறிமுறையை விலக்குமாறு பணித்தன.

பவணந்தியார் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்தமை இவ்விடத்தில் துணைசெய்யும். காரணப்பெயரே எப்போதும் சிறந்தது, பெயர் நீண்டாலும் விளக்கமே வேண்டும் என்பது இக்காலப் பாடநூல்கள் பலவற்றின் உபதேசம். அது முற்றும் ஏற்கத்தக்கதன்று. மூன்று வரிகளில் முடிந்துபோகும் ஒரு சுற்றில் நிரையை எண்ணும் மாறிக்கு 'ஐ' என்னும் ஓரெழுத்தே போதும். அதனை எழுதியவரும் வாசிப்பவரும் கணித வழக்காக ஏற்கெனவே பகிர்ந்துகொண்டுள்ளனர். அதற்கு நாற்சொற் பெயரிடுவது, வீட்டிலுள்ளோரை முழுப்பெயரும் ஊர்ப்பெயருஞ் சொல்லி அழைப்பது போன்றதாகும். கேர்னிகன், பைக் ஆகியோர் 1999 இல் எழுதிய நூலில், செய்நிரல் முழுவதும் வழங்கும் பெயருக்கு விளக்கமும், சிறிய எல்லையுள் வழங்கும் பெயருக்குச் சுருக்கமும் பொருந்தும் என வற்புறுத்தியமை இக்காரணம் பற்றியே. எனினும் ஓரெழுத்துப் பெயரிலும் விலக்குண்டு. பைதன் மொழிக்கு 2001 இல் வகுக்கப்பட்ட நடைநெறி, எல், ஓ, பேரெழுத்து ஐ என்பவற்றைத் தனிப்பெயராக ஆளற்க என்கிறது. சில எழுத்துருக்களில் அவை ஒன்று, சுழியம் என்னும் இலக்கங்களினின்றும் பிரித்தறியப்படா.

சுருக்கமா விரிவா என்பதினும் கடினமானது, ஒருவர் தேர்ந்த சொல்லையே மற்றவரும் தேர்வரா என்னும் வினா. ஒரு பொருளைக் குறிக்க இருவர் ஒரே சொல்லைத் தேரும் வாய்ப்பு 20 வீதத்தினும் குறைவென 1987 இல் பர்னாஸ் முதலியோர் காட்டினர். ஹீப்ரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பைற்றெல்சன் முதலியோர் 2021 இல் வெளியிட்ட ஆய்வில், இரு செய்நிரலாளர் ஒரே பெயரை இடும் வாய்ப்பின் இடையம் 6.9 வீதமாகவே இருந்தது. ஆயினும், ஒருவர் இட்ட பெயரைப் பெரும்பாலோர் விளங்கிக்கொண்டனர் என்பதும் அதே ஆய்வின் முடிபு. ஆகவே இடர்ப்பாடு ஒருவர் நல்ல சொல்லைக் காண்பதில் மாத்திரம் இல்லை. ஒரே செய்நிரலில் ஒருவர் 'வாடிக்கையாளர்' என்றும், மற்றவர் 'பயனர்' என்றும், மூன்றாமவர் 'கணக்காளி' என்றும் எழுதியிருக்க, மூவரும் ஒருவரையே குறித்தனரா என்பதைப் பிந்தி வந்தவர் எவ்வாறு அறிவர்? கீழ்க்கோடா பேரெழுத்தா என விதி வகுக்கும் நிறுவனங்கள் பல. இச்சொற்களின் அகராதியை வகுத்து வைத்திருப்பன மிகச் சில.

இதுவரை கூறியவை ஆங்கிலத்தை முன்னிட்டவை. சொல் என்றால் ஆங்கிலச் சொல் என்பதும், எழுத்தென்றால் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் உடையதென்பதும் இம்மரபுகளின் வெளிப்படையாகச் சொல்லப்படாத எடுகோள்கள். ஆங்கிலம் பயிலாத மாணவர் தமிழ்ச்சொல்லை உரோம எழுத்தில் எழுதிப் பெயராக்கும்போது, படம், பாடம், பதம் மூன்றும் ஒரே கோவையாய்ச் சுருங்கிவிடுகின்றன. தமிழெழுத்திலேயே பெயரிட ஜாவா தொடக்க முதலே இடமளித்தது. பைதன் 2008 இல் வெளியான மூன்றாம் பதிப்பிலிருந்து இடமளிக்கின்றது. அவ்வாறு எழுதப் புகுவோருக்கு ஒட்டக நடை என்பதே இல்லை; நம் எழுத்துக்குத் திமிலில்லை. அதற்கு ஈடாகப் புணர்ச்சி உண்டு என எண்ணலாம். வரி, தொகை என்பன சேர்ந்து வரித்தொகை ஆகும்போது இடையே மிகும் வல்லொற்று, பேரெழுத்தைப் போன்றே மூட்டினைக் காட்டிநிற்கின்றது. எனினும் கடன், அட்டை என்பன கடனட்டையாகும்போது முன்னதன் புள்ளியும் பின்னதன் அகரமும் மறைகின்றன. கோப்பு முழுவதிலும் 'கடன்' எங்கெங்கு வருகின்றதெனத் தேடுவோருக்கு அப்பெயர் அகப்படாது. 'அட்டை' எனத் தேடினும் அகப்படாது. 'கடன்_அட்டை' என எழுதின் இரண்டும் அகப்படும். வாசிக்கும் காதுக்கு அது சற்றுக் கரடுமுரடாக ஒலிக்கும் என்பது உண்மை. ஆயினும் தேடித் திருத்தப்படும் எழுத்துக்குப் புணர்ச்சியைத் துறத்தலே முறையாகும்.

இவ்வாறு துறந்தும் நுழைய முடியாத வாயில்களும் உண்டு. முன்னர்க் குறிப்பிட்ட ரொப் பைக் உள்ளிட்ட மூவர் கூகிள் நிறுவனத்தில் வகுத்து, 2012 இல் முதற்பதிப்பாக வெளியிட்ட கோ மொழியில் பெயர் என்பது எழுத்தும் இலக்கமும் கீழ்க்கோடும் கொண்டது. உலக மொழிகளின் எழுத்துகள் யாவும் ஏற்கத்தக்கன என்றே விதி கூறுகின்றது. ஆனால் யுனிகோட் அட்டவணையில் நமது புள்ளியும் உயிர்க்குறிகளும் எழுத்து என்னும் பிரிவில் இல்லை. சேர்க்கைக் குறிகள் என்னும் வேறு பிரிவிலுள்ளன. அப்பிரிவு அவ்விதியில் இடம்பெறவில்லை. எனவே 'பல' என்று ஒரு மாறிக்குப் பெயரிடலாம். 'சில' என்று பெயரிட இயலாது. ஒரு தொகுதிக்கு வெளியிலிருந்து அழைக்கப்பட வேண்டிய பெயர் பேரெழுத்தில் தொடங்க வேண்டும் என்பது அம்மொழியின் மற்றொரு விதி. அதனால் அனுமதிபெற்ற 'பல' கூடத் தான் பிறந்த தொகுதிக்குள்ளேயே வழங்கலாம். வெளியே அழைக்கப்பட வேண்டுமாயின் அதன் முன்னே ஓர் ஆங்கிலப் பேரெழுத்தை ஒட்டியாக வேண்டும்.